பின்மார்க்கில் சமைத்த ஆண்கள்

1980களின் பிற்பகுதியில் நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க் மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்த ஈழத்தமிழரில் பெரும்பாலோர் தனித்து வந்த ஆண்கள். மாணவர்களாக வந்தவர்களும் புகலிடம் கோரியவர்களுமாக, வேலை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, வார்டோ, போட்ஸ்பியோர்ட், ஹொன்னிங்ஸ்வோக் முதலிய கரையோர ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில் அவர்கள் சேர்ந்தார்கள். என் கணவரும் அவர்களில் ஒருவர். 1990களின் தொடக்கத்தில், குடும்ப இணைவு அனுமதி பெற்று, நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் எழாத அந்த ஊருக்கு நானும் வந்து சேர்ந்தேன்.

வந்த புதிதில் என்னை வியக்க வைத்தது பனியோ இருளோ அல்ல. அந்த ஆண்கள் கூட்டாக வாழ்ந்த வீடு எப்படி நடந்தது என்பதைக் கேட்டறிந்தபோதுதான் உண்மையில் வியந்தேன். முறை வைத்துச் சமைத்திருக்கிறார்கள். தேங்காய் கிடைக்காத இடத்தில் பசும்பாலை விட்டுச் சொதி வைக்கப் பழகியிருக்கிறார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, இரவில் விழித்திருந்திருக்கிறார்கள். மீன் வாடை போகும்வரை உடுப்புத் தோய்த்து, கிழிந்ததைத் தைத்து, ஒருவருக்கொருவர் முடி வெட்டியும் விட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கோப்பையைக்கூடக் கழுவியறியாதவர்கள் இவ்வளவையும் தாமாகக் கற்றிருந்தார்கள். ஆனால் மனைவிமார் ஒவ்வொருவராக வந்து இறங்கத் தொடங்கியதும், சில வாரங்களுக்குள்ளேயே, அந்தக் கைகள் ஓய்ந்துவிட்டன. சமையல் அவர்களுக்கு மறந்துபோகவில்லை. விருந்து வைத்து நண்பர்களை அழைத்த நாட்களில் பெரிய சட்டியில் இறைச்சிக்கறி வைக்க அவர்கள்தான் முன்வந்தார்கள். அன்றாடச் சோறும் பாத்திரமும் பிள்ளையின் ஈரத் துணியும்தான் எங்களுடையவையாயின.

தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றவள் என்பதால், இதை எங்கள் இலக்கியத்தோடு வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பெருமையையும் வலிமையையும் ஆணுக்கும், அச்சத்தையும் நாணத்தையும் மடத்தையும் பெண்ணுக்கும் உரியனவாகப் பிரித்து வைத்தது தொல்காப்பியம். கடல்வழிப் பயணம் பெண்ணோடு இல்லை என்றும் அது சொல்கிறது. 'வினையே ஆடவர்க்கு உயிரே' என்கிறது குறுந்தொகைப் பாட்டு. அடுத்த அடியிலேயே, வீட்டிலிருக்கும் மகளிர்க்கு அந்த ஆடவரே உயிர் என்கிறது. பொருள் தேடிப் போகும் தலைவனும் காத்திருக்கும் தலைவியுமாக அமைந்த பாலைத் திணையின் சட்டகத்துக்குள்தான் எங்கள் இடப்பெயர்வும் தொடங்கியது. முதலில் ஆண் போனான். பெண் கடிதத்துக்குக் காத்திருந்தாள். ஆனால் நாங்களும் கடல் கடந்து வந்து, அதே தொழிற்சாலையில் அதே இறப்பர் சப்பாத்தும் கையுறையும் அணிந்து, அதே வரிசையில் நின்று கொட் மீன் வெட்டி, அதே கூலியை வாங்கத் தொடங்கியபோது, வினை ஆணுக்கு மட்டும் உயிராக இருக்கவில்லை. தான் வேறுபட்டவன் என்று காட்ட அவனுக்கு எஞ்சியிருந்த ஒரே இடம் வீடு.

இதைக் குற்றப்பத்திரிகையாக நான் எழுதவில்லை. ஊரில் ஆசிரியராக, எழுதுவினைஞராக, மரியாதையோடு விளிக்கப்பட்டவர்கள் இங்கே மொழியில்லாமல், தங்களைவிட இளையவர் இடும் கட்டளைக்குத் தலையசைத்து நின்றார்கள். பிள்ளைகள் பாலர் பள்ளியிலிருந்து நோர்வேஜிய மொழியைத் தந்தையைவிட விரைவாகக் கொண்டுவந்தார்கள். பிள்ளையை அடித்து வளர்ப்பதே தந்தையின் கண்டிப்பு என்று நம்பியவர்கள், 1987இல் அதைச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்துவிட்ட நாட்டுக்கு வந்திருந்தார்கள். அந்தச் சட்டம் சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆயினும் தடியைக் கீழே வைத்த தந்தை அதற்குப் பதிலாக எதைக் கையில் எடுப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. பலர் சங்கக் கூட்டங்களிலும் கோயில் நிர்வாகத்திலும் போய்த் தங்கள் மதிப்பைத் தேடிக்கொண்டார்கள்; சிலர் குடியில் விழுந்தார்கள்.

நாட்டை ஒரு பெண் ஆண்டதும் எங்களுக்குப் புதினமல்ல. க்ரோ ஹார்லம் புருந்த்லாண்ட் 1986இல் அமைத்த அமைச்சரவையில் பதினெட்டுப் பேரில் எட்டுப் பேர் பெண்கள் என்று நோர்வேஜியர் பெருமையோடு சொல்வார்கள். உலகின் முதல் பெண் பிரதமர் 1960இல் இலங்கையில் பதவியேற்றவர் என்று நாங்கள் பதில் சொல்வோம். அந்தப் பதவியேற்பு எங்கள் அடுக்களைகளில் ஓர் அகப்பையைக்கூட இடம் மாற்றவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மொழி வகுப்பில் நோர்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைச் சுருக்கிப் படித்தோம். 1879இல் எழுதப்பட்டது. கதவை மூடிக்கொண்டு வெளியேறும் நோராவைப் பற்றியே வகுப்பில் எல்லோரும் பேசினார்கள். என் மனம் அவளது கணவன் ஹெல்மரிடம் நின்றுவிட்டது. மனைவி கடன் பத்திரத்தில் இட்ட கள்ளக் கையெழுத்தால் தன் பெயர் கெடப்போகிறது என்று அஞ்சும் வேளையில், பிள்ளைகளை வளர்க்க நீ தகுதியற்றவள் என்று மனைவியிடம் சொல்கிறான். மிரட்டலுக்கு வழிவைத்த பத்திரம் திரும்பி வந்ததும், 'நான் தப்பிவிட்டேன்' என்று கூவுகிறான். 'நான்' என்கிறான், 'நாம்' என்று அவன் வாயில் வரவில்லை. பிறர் கண்ணுக்குத் தெரிவதே அவனது ஆண்மை முழுவதும். எங்கள் வீடுகளில் நான் கண்டதற்கு அந்த நாடகம் விளக்கம் தந்தது. தனி ஆண்கள் வாழ்ந்த வீட்டில் பார்ப்பதற்கு யாரும் இருக்கவில்லை, அதனால் சமைத்தார்கள். மனைவி வந்ததோடு அவள் ஊரும் உறவும் தொலைபேசி வழியாக வந்துவிட்டன.

1993இல் நோர்வே தந்தையருக்கென நான்கு வாரப் பெற்றோர் விடுப்பை ஒதுக்கியது. தந்தை எடுக்காவிட்டால் அது வீணாகும். தாய்க்கு மாற்றிக் கொடுக்க முடியாது. தாயும் வேலை செய்து உரிமை பெற்றிருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. மீன் வரிசையில் நான் நின்ற நாட்களே என் கணவரின் விடுப்புக்கு வழி செய்தன. மறு ஆண்டு எங்கள் மகன் பிறந்தான். கணவர் விண்ணப்பித்த செய்தி அறிந்த நண்பர் ஒருவர், "பிள்ளை பாக்கிறதுக்கு லீவோ? வெளியிலை சொல்லாதேங்கோ அண்ணை" என்றார். கணவரின் பதில் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: "நான் கேக்கேல்லை, சட்டம் தருது. எடுக்காட்டில் காசு நட்டம்." அந்த விடை அவருக்கு ஒரு மறைப்பாக இருந்தது. தந்தையின் கடமை பற்றி எத்தனையோ மேடைகளில் பேசப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். அவற்றால் ஆகாததை இந்த விதி செய்தது. ஒருவன் மட்டும் செய்தால் கேலி. எல்லா ஆண்களுக்கும் ஒன்றாக விதித்தால் கேலி செய்ய ஆளில்லை. சில ஆண்டுகளுக்குள் நோர்வேயில் பெரும்பாலான தந்தையர் அந்த விடுப்பை எடுப்பவர்களானார்கள்.

அந்த நான்கு வாரங்களும் நான் வேலைக்குப் போனேன். பிள்ளையின் அழுகையில் பசி எது, தூக்கம் எது என்று நான் சொல்லாமலே அவர் பிரித்தறியத் தொடங்கினார். வேலைக்குத் திரும்பிய பிறகும் இரவில் பிள்ளை சிணுங்கினால் முதலில் எழுந்தவர் அவர்தான். பாத்திரம் கழுவுவது மட்டும் நீண்ட காலம் என்னிடமே இருந்தது.

'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே' என்ற புறநானூற்றுப் பாடலை நாங்கள் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். வாளும் களிறும் வரும் கடைசி அடிகளைத்தான் உரத்துச் சொல்வோம். இரண்டு வேலை பார்த்துவிட்டுத் தூங்கும் பிள்ளையை மட்டும் பார்க்கும் தந்தை, அந்தப் பிள்ளையை எப்படிச் சான்றோன் ஆக்குவான் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதே தொகுப்பில், சிறுகை நீட்டி, நெய்ச்சோற்றைத் துழாவி உடம்பெல்லாம் சிதறும் குழந்தையைப் பாண்டியன் அறிவுடை நம்பி பாடுகிறான். எவ்வளவு செல்வம் இருந்தாலும் அந்தக் குழந்தை இல்லாதவர்க்கு வாழ்நாளில் பயனில்லை என்கிறான். சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, மனைவி ஈமத்தீயில் மாய்ந்த பிறகும் தான் உயிரோடிருப்பதை எண்ணி நொந்து, தன் துயர் தன்னைக் கொல்லும் அளவுக்கு வலியதாக இல்லையே என்று வெளிப்படையாக வருந்துகிறான். இருவரும் அரசர்கள், இந்த மென்மையால் அவர்களது வீரம் குறைந்ததாகத் தொகுத்தவர் கருதவில்லை. போருக்கு அனுப்பும் ஆண்மையை நாங்கள் கடல் கடந்து சுமந்து வந்தோம். இந்தப் பாடல்களை ஏன் விட்டுவந்தோம் என்பதுதான் என் ஆதங்கம்.

இப்போது தெற்கே, ஒஸ்லோவுக்கு அருகில் வசிக்கிறோம். முழு ஊதியத்தோடு விடுப்பைத் தெரிவு செய்யும் தந்தைக்கு இன்று ஒதுக்கப்படுவது பதினைந்து வாரங்கள். எங்கள் மகன் அவற்றை முழுமையாக எடுத்தான். யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை, யாரும் அவனிடம் கேட்கவுமில்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் மேல் வகுப்புக்குப் புறநானூறு கற்பிக்கும் நான், அந்த மூன்று பாடல்களையும் ஒரே பாடமாக வைத்திருக்கிறேன். மாக்கோதையின் பாட்டு பிள்ளைகளைச் சோர்வடையச் செய்யும் என்று பெற்றோர் ஒருவர் சொன்னார். அவரைச் சென்ற கிழமை வகுப்பில் வந்து அமர்ந்து கேட்கும்படி அழைத்தேன். வந்து, கடைசிவரை இருந்தார்.