ஒரு கிராம் கரிக்குள்ள எவ்ளோ இடம்?

ஒரு கிராம் ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நுண்துளை நிறைஞ்ச கரி, ஒரு டீஸ்பூன் கூட நிறையாது, ஆனா அதுக்குள்ள இருக்குற துளைச் சுவரையெல்லாம் விரிச்சுப் போட்டா 1000 சதுர மீட்டரக் கூட தாண்டும். எத்தன தடவ அளந்தாலும் எனக்கு இந்த பிரமிப்பு போகல.

அளக்குற விதமும் அவ்ளோ அழகு. சாம்பிள் இருக்குற டியூப -196 டிகிரி திரவ நைட்ரஜன்ல முக்கி வெச்சுட்டு, உள்ள நைட்ரஜன் வாயுவ கொஞ்சம் கொஞ்சமா விட்டு, ஒவ்வொரு பிரஷர்லயும் எவ்ளோ ஒட்டுச்சுன்னு பாத்து, சுவர ஒரே அடுக்கா மூட எத்தன மூலக்கூறு வேணும்னு கணக்குப் போட்டு, ஒண்ணுக்கு 0.162 சதுர நானோமீட்டர்னு பெருக்குனா பரப்பளவு வந்துடும். 1938ல புருனாவர், எம்மெட், டெல்லர் மூணு பேரும் குடுத்த சமன்பாடு, அவங்க பேரோட முதல் எழுத்துகள்தான் பிஇடி (BET).

ஆனா தயவுசெஞ்சு டீகேஸ் பண்றதுல, அதாவது அளக்குறதுக்கு முன்னாடி சாம்பிள்ல ஒட்டியிருக்குற ஈரத்தையும் வாயுவையும் வெளியேத்துறதுல, அவசரப்படாதீங்க. போன வாரம் ஒரு சாம்பிள்ல ஈரம் துளைய அடைச்சுட்டு இருந்திருக்கு, பரப்பளவு பாதிதான் காட்டுச்சு, ராத்திரி முழுக்க சூடுபண்ணி வேக்குவம்ல வெச்சு திரும்ப ஓட்டுனதும் சரியாயிடுச்சு.

இன்னொண்ணு, 2 நானோமீட்டருக்கும் கீழ உள்ள மைக்ரோ துளை நிறைய இருந்தா பிஇடி நம்பர அப்படியே நம்பக்கூடாது. அங்க அடுக்கடுக்கா ஒட்டாம துளையே ரொம்பிடும். அதுக்கு 87 கெல்வின்ல ஆர்கான் வெச்சுப் பாக்குறது எவ்ளோவோ மேல். ரிப்போர்ட்ல வெறும் பரப்பளவு மட்டும் போடாம ஐசோதெர்ம் படத்தையும் (எந்த பிரஷர்ல எவ்ளோ வாயு ஒட்டுச்சுன்னு காட்டுற வரைபடம்) சேத்துப் போடுங்க, படிக்கிறவங்களுக்கு அதுலதான் விஷயமே இருக்கு.