தடைக்காலத்தில் சாகும் பேட்டரி: படகு விளக்குகளைப் பிரித்துப் பார்த்த குறிப்புகள்

நாகப்பட்டினத்தில் அத்தானின் விசைப்படகில் கையில் பிடிக்கும் ரீசார்ஜ் விளக்குகள் சில உண்டு. இரவில் வலையின் மிதவையைத் தேடவும், முகத்துவாரத்துக்குள் நுழையும்போது இருபுறமும் கிடக்கும் கற்களைப் பார்க்கவும், எதிரே வரும் படகுக்கு எச்சரிக்கை காட்டவும் அவைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும், ஆண்டுதோறும் அவற்றில் பாதி எரிவதில்லை. "கம்பெனி சரியில்லை" என்று அத்தான் வேறு வாங்கிவிடுவார். இந்த முறை வாங்க விடாமல் எல்லாவற்றையும் என் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பிரித்துப் பார்த்ததில் பெரும்பாலானவற்றில் 6 வோல்ட், 4.5 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) மூடிய ஈய-அமில பேட்டரிதான் இருந்தது. ஓய்வில் 6.3 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டியது, ஒன்றில் 3.9 காட்டியது. சார்ஜ் போட்டால் சிறிது நேரத்திலேயே 7 வோல்ட்டைத் தாண்டிவிடுகிறது. மின்னோட்டமோ ஏறவே இல்லை. சார்ஜரைக் கழற்றிச் சற்று நேரம் விட்டு அளந்தால் 6.3, பார்க்க நல்ல பேட்டரிபோல. பல்பைப் போட்டதும் 5-க்குக் கீழே விழுகிறது. மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "பேட்டரி நன்றாக இருக்கிறது" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். விளக்கை எரியவிட்டுக்கொண்டே அளக்கச் சொல்லுங்கள்.

கோளாறு கம்பெனியில் இல்லை, கிடந்த கிடையில் இருக்கிறது. இந்த பேட்டரி காலியாகும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிவது இயல்பு. உடனே சார்ஜ் ஏற்றினால் அது மறைந்துவிடும். காலியாகவே போட்டுவைத்தால் கெட்டிப்பட்டுப் படிகமாகி, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் அசையாது. போதாக்குறைக்கு, வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரி தானாக வடியும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கடைசி நடையில் அரைகுறையாக எரிந்த விளக்கை அப்படியே ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அக்கினி நட்சத்திரம் முழுக்கப் போட்டுவைத்தால் எந்த கம்பெனி பேட்டரி பிழைக்கும்?

புதிய பேட்டரி வாங்கப் போகும்போது மல்டிமீட்டரையும் எடுத்துப் போனேன். கடை அலமாரியிலேயே மாதக்கணக்கில் தூங்கியவையும் உண்டு, 6.2-க்குக் கீழே காட்டியவற்றை ஒதுக்கிவிட்டேன். கடைக்காரர் முகம் சுளித்தார், பரவாயில்லை. அளவு ஏறக்குறைய 70 × 47 × 101 மில்லிமீட்டர். முனைத் தகட்டின் அகலம் 4.75 மில்லிமீட்டர். இந்த இரண்டும் பொருந்தினால் வேறு பெயரில் வரும் பேட்டரியும் அப்படியே உட்காரும். சிவப்பு, கறுப்பு ஒயர்களைக் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது, ஏனென்றால் ஒரு விளக்கில் இரண்டு ஒயரும் வெள்ளை.

முனைகளில் பச்சைக் களிம்பு அப்பிக்கிடந்தது. உப்புக்காற்று செம்பை விடாது. கருத்துப்போன பகுதியை வெட்டிவிட்டு, வெள்ளீயம் பூசிய ஒயரைப் புதிதாகப் பற்றவைத்து, மேலே மெல்லிதாக வாசலின் தடவினேன். மூடியின் ரப்பர் வளையத்துக்கு மட்டும் வாசலின் கூடாது. பெட்ரோலியச் சேர்மம் இயற்கை ரப்பரை உப்ப வைத்துவிடும். அதற்கு சிலிக்கான் கிரீஸ். தண்ணீர் புகாமலிருக்கப் பெட்டி முழுவதையும் சிலிக்கான் பசையால் அடைத்துவிடச் சொன்னார் அத்தான். மறுத்துவிட்டேன். மூடிய பேட்டரி என்று பெயரே தவிர, அதிகமாக சார்ஜ் ஏறினால் அதன் வால்வு வழியே ஹைட்ரஜன் வெளியேறும். அது போக ஒரு வழி வேண்டும்.

இதைவிட நேரம் எடுத்தது சார்ஜர்தான். கூடவே வந்த அடாப்டர் சுமையில்லாமல் 9 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. நிறுத்தும் ஏற்பாடு எதுவும் கிடையாது. இரவு முழுக்கச் செருகிவைத்தால் உள்ளிருக்கும் ஈரம் வற்றி பேட்டரி உப்பிவிடும். வோல்ட்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் எல்எம்317 ரெகுலேட்டர் ஒன்றை வைத்து, வெளியே மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றைச் சேர்த்து, டையோடுக்குப் பின்னால் 6.75 வோல்ட் வரும்படி திருகிவைத்தேன். வழக்கமாகச் சொல்லப்படும் 6.85 அல்ல, நம் ஊர் வெயிலுக்குச் சற்றுக் குறைப்பதே நல்லது. டையோடு இல்லாவிட்டால் கரண்ட் போன நேரத்தில் பேட்டரி ரெகுலேட்டர் வழியாகப் பின்னோக்கி வடியும். இனி இதை மாதக்கணக்கில் செருகிவைத்தாலும் கவலையில்லை. ஒரு விளக்கில் மட்டும் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல், கெபாசிட்டரை வைத்து நேரடியாக 230 வோல்ட்டை இறக்கியிருந்தார்கள். அந்த சர்க்யூட் பலகையை எடுத்தே போட்டுவிட்டேன். ஈரக்கையோடு புழங்கும் இடத்தில் அது ஆளைக் கொல்லும்.

ஒரு விளக்குக்கு மட்டும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் முயன்றேன். 3.2 வோல்ட், 6 ஏஹெச் செல் இரண்டைத் தொடராக இணைத்து, நடுவே, செல் அளவுக்கு மீறி வடியாமல் துண்டிக்கும் ஒரு பாதுகாப்புப் பலகை. திருகு முனை உள்ள செல்லாகப் பார்த்து வாங்கினேன். செல்லின் மேலேயே பற்றவைத்தால் சூட்டில் கெட்டுவிடும். எடை பாதிக்கும் கீழே இறங்கியது. சார்ஜ் மட்டும் 7.2 வோல்ட்டுக்கு வேறாக அமைக்க வேண்டியிருந்தது. ஒளி கடைசிவரை குறையாமல் நிற்கிறது.

அத்தானுக்கு அதுதான் பிடிக்கவில்லை. "பழையது மங்கிக்கொண்டே வந்து சொல்லும், இது சொல்லாமல் அணைகிறது" என்றார். உண்மைதான். ஈய பேட்டரி மங்கும். இதில் பாதுகாப்புப் பலகை ஒரே நொடியில் துண்டித்துவிடுகிறது. முகத்துவாரத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். ஆகவே ஓட்டுநர் கையில் ஈய பேட்டரி விளக்கு, வலை இழுக்கும் இடத்தில் லித்தியம் என்று பிரித்துக்கொண்டோம்.

பயன்படுத்தாதபோது பேட்டரியை வைக்கும் முறை இரண்டுக்கும் நேர் எதிர் என்பதால் விளக்கின் மேலேயே பெயிண்டால் எழுதிவிட்டேன்: ஈயத்துக்கு "நிரப்பி வை", லித்தியத்துக்கு "பாதியில் வை". முன்னதைத் தடைக்காலத்தில் சார்ஜரிலேயே விட்டுவைக்கலாம். பின்னதைக் கழற்றி, குளிர்ந்த இடத்தில் வைத்தால் போதும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பது இரண்டுக்கும் பொது.

செத்த பேட்டரிகளைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்தேன். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. விலையிலும் கொஞ்சம் கழித்தார்கள்.

அடுத்து மேசையில் இருப்பது 12 வோல்ட், 55 வாட் ஹாலஜன் விளக்கு. ஏறக்குறைய 4.6 ஆம்பியர் குடிக்கிறது. உள்ளே இருக்கும் 7 ஏஹெச் என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் கணக்கு. இந்த வேகத்தில் ஒரு மணி நேரம் எரிந்தாலே பெரிது. இதில் முதலில் மாற்ற வேண்டியது பேட்டரியை அல்ல, பல்பை. எல்இடி வந்ததும் தொடர்கிறேன்.