சொட்டுக் குழாயால் மை ஊற்றும் பேனாக்கள்

வயலின் வாசிப்பது என் தொழில். வீட்டில் இரண்டு வயலின்களும் மூன்று வில்களும் இருக்கின்றன. அதற்கு மேல் வாங்கும் எண்ணம் எனக்கு வந்ததில்லை. நான் தேடித் தேடிச் சேர்ப்பது மைப்பேனாக்களைத்தான். 16 ஆண்டுகளில் 43 பேனாக்கள் சேர்ந்திருக்கின்றன.

இந்தப் பழக்கம் கைவலியில் தொடங்கியது. கச்சேரிக்கு மறுநாள் மாணவர்களுக்கு ஸ்வரக் குறிப்பு எழுத உட்கார்ந்தால், வலது கட்டைவிரலின் அடிப்பகுதி கடுகடுவென்று வலிக்கும். இரண்டரை மணி நேரம் வில்லைத் தாங்கிய அதே விரல்தான் பால்பாயிண்ட் பேனாவையும் தாளில் அழுத்த வேண்டியிருந்தது. பால்பாயிண்டில் இருப்பது பசை போன்ற மை. நுனியில் உள்ள குண்டு உருண்டால்தான் அது தாளில் இறங்கும், குண்டு உருள அழுத்தம் வேண்டும். மைப்பேனாவில் நிப்பின் பிளவு வழியாக மை தானாகவே நுனிக்கு வந்து காத்திருக்கிறது. நுனி பட்டவுடன் தாள் அதை இழுத்துக்கொள்கிறது. பேனாவின் எடையே போதும், கை அழுத்த வேண்டியதில்லை. எழுதுவதற்காக ஒன்று வாங்கினேன், வலி குறைந்தது, பிறகு நிறுத்த முடியவில்லை.

கச்சேரிக்காக வெளியூர் போகும்போதெல்லாம், மாலை வரை கிடைக்கும் நேரத்தில் பழைய ஸ்டேஷனரிக் கடைகளைத் தேடிப் போவேன். கும்பகோணத்தில் அப்படி ஒரு கடையில், மேல் அலமாரியில் தூசி படிந்த அட்டைப் பெட்டியைக் காட்டி என்ன என்று கேட்டேன். கடைக்காரர் ஸ்டூலில் ஏறி எடுத்துக் கொடுத்தார். "எங்கப்பா காலத்துச் சரக்கு தம்பி. இப்ப இதை யாரு கேக்குறா? வேணும்னா மொத்தமா எடுத்துக்கங்க" என்றார். பெட்டியில் ஆறு கறுப்புப் பேனாக்கள் இருந்தன. ஒன்றின் மூடியைத் திருகிக் கழற்றி, உடலைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தேன். சுட்ட ரப்பரும் கந்தகமும் கலந்த வாசனை வந்தது. எபோனைட் என்பது உறுதியானது. ஆறையும் வாங்கிக்கொண்டேன்.

எபோனைட் என்பது இயற்கை ரப்பரோடு மிகுதியாகக் கந்தகம் சேர்த்து, நீண்ட நேரம் சூடேற்றிக் கெட்டியாக்கிய பொருள். டயர் ரப்பரில் சிறிதளவே சேரும் கந்தகம் இதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். அதனால்தான் ரப்பரே மரக்கட்டையாகிவிட்டது போல, லேத்தில் கடையும் அளவுக்கு இறுகிவிடுகிறது. கிளாரினெட்டில் உதடு படும் பகுதியும் பெரும்பாலும் இதே பொருளால் ஆனதுதான். பிளாஸ்டிக்கைப் போல விரலில் வழுக்காது. பிடித்த சில நிமிடங்களில் அதன் மேற்பரப்பு கையின் சூட்டுக்கு வந்துவிடும்.

அந்த ஆறு பேனாக்களிலும் மையை உறிஞ்சும் பொறி எதுவும் கிடையாது. கழுத்தைத் திருகிக் கழற்றி, இங்க் ஃபில்லரால் உடலுக்குள் நேராக மையை ஊற்றி மூட வேண்டும். சேகரிப்பவர்கள் இவற்றை ஐ-டிராப்பர் பேனா என்பார்கள். எனக்குத் தெரிந்த பல சேகரிப்பாளர்கள் இந்த வகையைத் தொடக்கக் காலத்துக் குறைப்பொருளாகவே மதிக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. 1884இல் அமெரிக்கரான லூயிஸ் வாட்டர்மன் தம் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றபோது தீர்க்கப்பட்ட சிக்கல், மை வெளியேற வெளியேறக் காற்று எப்படி உள்ளே போவது என்பதுதான். நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையில் மெல்லிய வரிகளைக் கீறி அதைச் சாதித்தார்கள். பேனா எழுதுவதற்கு வேண்டிய அடிப்படை வேலை அங்கேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு வந்த, உள்ளிருக்கும் ரப்பர்ப் பையை அழுத்தி மை உறிஞ்சும் ஷெஃபரின் நெம்புகோல், பெலிக்கானின் 1929ஆம் ஆண்டுப் பிஸ்டன், பார்க்கரின் வேக்குமேட்டிக் என்ற உறிஞ்சுபொறி எல்லாமே மையை நிரப்பும் வசதிக்காக வந்தவை. மிக அழகான பொறிகள்தாம். ஆனால் என் பெட்டியில் இருக்கும் நெம்புகோல் பேனாக்கள் அனைத்திலும் ரப்பர்ப் பை பொடிந்து போயிருந்தது; பிஸ்டன் பேனாக்களில் தக்கை சுருங்கி மை பின்பக்கம் கசிந்தது. 1941இல் அறிமுகமான பார்க்கர் 51இன் பிற்கால வகை மட்டும் இதற்கு விலக்கு. அதன் நெகிழிப் பை இன்றும் உறிஞ்சுகிறது. கெடுவதற்கு எதுவும் இல்லாத ஐ-டிராப்பர்கள், கழுவித் துடைத்த அன்றே எழுதின. மேலும், கன்வர்ட்டர் எனப்படும் உறிஞ்சுகுழல் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டர்கூடக் கொள்ளாது. இவை மூன்று, நான்கு மில்லிலிட்டர் கொள்ளும். ஒரு முறை ஊற்றினால் எனக்கு மூன்று வாரம் வரும்.

அவற்றுக்கும் ஒரு குணம் உண்டு. மை கால் பங்குக்குக் கீழே இறங்கினால், மீதி இடத்தை நிரப்பிய காற்று கையின் சூட்டில் விரிந்து மையை வெளியே தள்ளும். ஒருநாள் பைரவி வர்ணத்தின் சிட்டஸ்வரத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, நிப்பின் அடியில் ஒரு துளி திரண்டு, மிளகளவு பருத்து, 'ப'வின் மேல் விழுந்து நான்கு பக்கமும் ஊறியது. அன்றுமுதல் பாதி காலியானதும் ஊற்றிவிடுகிறேன். கழுத்தின் மரைக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவுகிறேன். தடித்த எபோனைட் உடல் சூட்டை மெதுவாகக் கடத்துவதால், மெல்லிய பிளாஸ்டிக் உடலைவிட இதில் இந்தத் தொல்லை குறைவு.

நம் பக்கத்தில் இந்தக் கைவினை இன்னும் உயிரோடிருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். ராஜமுந்திரியில் ரத்னம் அவர்கள் 1930களில் செய்த சுதேசிப் பேனாவைப் பயன்படுத்திப் பார்த்த காந்தியடிகள், அது வெளிநாட்டுப் பேனாவுக்கு நல்ல மாற்று என்று 1935இல் கடிதம் எழுதினார். திருவள்ளூரில் ரங்கா பேனாக்களை இன்றும் எபோனைட் கம்பியிலிருந்து லேத்தில் கடைகிறார்கள். சென்னைப் பாரிமுனையில் காமா பேனாக்களுக்குப் பெயர்பெற்ற ஜெம் அண்ட் கம்பெனி இருக்கிறது.

ஒரு பிழையையும் எழுத வேண்டும். கும்பகோணத்துப் பேனாக்களில் ஒன்றில் காய்ந்திருந்த பழைய மையை இளக்க, அதை வெந்நீரில் போட்டேன். கண்ணாடி டம்ளரின் அடியில் நீல இழைகள் அவிழ்ந்து பரவுவதைப் பார்த்து மகிழ்ந்து நின்ற கால் மணி நேரத்தில், கரிய பேனா மங்கிய பழுப்பாகிவிட்டது. ஒளியும் ஈரமும் பட்டுப் பட்டு எபோனைட்டின் மேற்பரப்பில் ஏற்பட்டிருந்த மாற்றத்தை வெந்நீர் ஒரேயடியாக வெளிக்கொண்டுவந்துவிடுகிறது. வெந்நீரில் போடாமல் இருந்திருந்தால் அந்தக் கருமை தங்கியிருக்கும். இன்றும் அதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

அந்தப் பழுப்புப் பேனாதான் இப்போது என் மேசையில் மை நிரம்பி இருக்கிறது. ஆறில் மிக நன்றாக எழுதுவதும் அதுவே. அதன் மூடியின் விளிம்பில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரியத் தொடங்கியிருப்பதால், மரையின் அளவைக் குறித்து வைத்திருக்கிறேன். மார்கழிக் கச்சேரிகள் முடிந்ததும் திருவள்ளூருக்கு எடுத்துச் சென்று, புது மூடி கடைந்து தர முடியுமா என்று கேட்க வேண்டும்.