நிற்கும்போதெல்லாம் நின்றுபோன கார்

கார் வாங்கி மூன்றாவது வாரம். ஓடோமீட்டரில் 640 கிலோமீட்டர். சிவப்பு விளக்குக்காக நியூட்ரலில் நிற்கிறேன், கால் பிரேக்கில். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள் 750-இலிருந்து மெல்ல இறங்கியது. 500-ஐ நெருங்கியதும் ஸ்டீயரிங் ஒருமுறை உதறியது. பிறகு சத்தமே இல்லை. எஞ்சின் அணைந்துவிட்டது என்பது பின்னால் நின்றவர் ஹாரன் அடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சாவியைத் திருப்பினேன். உடனே பிடிக்கவில்லை. நான்கைந்து நொடி சுழன்று, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்த பிறகுதான் கிளம்பியது. லேசாகப் பெட்ரோல் வாசனை வந்தது. அந்த வாசனையை அன்றைக்கே மதித்திருந்தால் இரண்டு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

அந்த வாரத்தில் இன்னும் மூன்று முறை நின்றது. எல்லாம் நிற்கும் இடத்தில், அல்லது நிற்கப்போகும் இடத்தில். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஏற்றத்தில்கூட இழுவை நன்றாகவே இருந்தது. மனைவியிடம் சொன்னேன். "நேற்று முழுக்க நான்தான் ஓட்டினேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை. உங்கள் காலில்தான் ஏதோ இருக்கிறது" என்றாள்.

சர்வீஸ் சென்டரிலும் அதே சந்தேகம்தான், கொஞ்சம் மரியாதையாக. "கிளட்ச்சை எப்படி விடுகிறீர்கள், சார்?" நியூட்ரலில் நிற்கும்போது கிளட்ச்சுக்கு என்ன வேலை என்று கேட்டேன். ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லை. அரைமணி நேரம் ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஓடவிட்டார்கள். கார் சாதுவாக உறுமிக்கொண்டு நின்றது. "புது வண்டி சார், செட் ஆக வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்" என்று அனுப்பிவைத்தார்கள்.

இந்தச் 'செட் ஆகும்' என்ற சொல்லில் பாதி உண்மை உண்டு, அதனால்தான் அது ஆபத்து. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் என்ற வாயிலை எவ்வளவு திறந்தால் ஐட்லிங் சீராக இருக்கும் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கிறது என்பது சரி. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அந்தப் பாடத்தை மறந்து மறுபடி படிக்கும். ஆனால் அதற்குச் சில பயணங்கள் போதும். பிஸ்டன் வளையங்கள் பழகுவதற்கும், சிக்னலில் எஞ்சின் செத்துப்போவதற்கும் சம்பந்தமே இல்லை. புது எஞ்சின் ஒருபோதும் ஐட்லிங்கில் அணையக் கூடாது. அணைந்தால் அது பழுதுதான்.

இரண்டாவது முறை போனபோது த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள். ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத காரில் துடைக்க அங்கே என்ன கரி இருந்ததோ, தெரியாது. கணினியின் கற்றலை அழித்துப் புதிதாக ஆரம்பித்துவைத்தார்கள். ஆச்சரியம், பத்து நாள் கார் நிற்கவே இல்லை. நானும் நன்றி சொல்லிவிட்டேன். பதினோராவது நாள் ஒரு இறக்கத்தின் வளைவில், கிளட்ச்சை மிதித்து வேகத்தைக் குறைத்தபோது அணைந்தது. ஸ்டீயரிங் கனத்தது. பிரேக் முதல் இரண்டு அழுத்தலுக்குக் கேட்டது, மூன்றாவதில் பெடல் கல்லாக மாறிவிட்டது. எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது, ஒரே அழுத்தலாகப் பிடித்து நிறுத்த வேண்டும். பிரேக் மிதிப்பை இலகுவாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் அவ்வளவுக்குத்தான் தாங்கும். இதை அன்று பதறிய கையோடு கற்றுக்கொண்டேன்.

என் தந்தையின் பழைய காரைப் பார்த்துவந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். கார்புரேட்டர் காலத்து மனிதர், இப்போது ஓய்வில். போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எப்போதெல்லாம் நிற்கிறது என்று சொல்கிறாய் தம்பி. எப்போதெல்லாம் நிற்கவில்லை என்று சொல்லவே இல்லையே" என்றார்.

அன்றிரவே ஒரு நோட்டு போட்டேன். நின்ற நாள், நிற்காத நாள் இரண்டையும் எழுதினேன். எஞ்சின் சூடா குளிரா, ஏசி ஓடியதா, விளக்குகள் எரிந்ததா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், ஓட்டியது யார். கூடவே டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் 16 ஊசி சாக்கெட்டில் செருகும் சிறிய புளூடூத் கருவி ஒன்றை வாங்கினேன். அது எஞ்சின் கணினி பார்க்கும் எண்களைக் கைபேசித் திரையில் காட்டும். பிழைக் குறியீடு இல்லை என்றதும் ஸ்கேனரைக் கழற்றிவிடுகிறார்கள். உண்மையில் விஷயம் இருப்பது இந்த ஓடும் எண்களில்தான்.

முதலில் சந்தேகத்துக்குரியவர்களை ஒவ்வொருவராக விடுவித்தேன். பேட்டரி மின்னழுத்தம் எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட், குறையில்லை. ஏசியைப் போட்டால் முள் ஒரு கணம் தாழ்ந்து உடனே எழுந்தது, ஆகவே சுமையைத் தாங்கும் ஏற்பாடும் வேலை செய்கிறது. ஸ்பார்க் பிளக்கோ அதற்கு மின்சாரம் தரும் காயிலோ கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே ஒரு சிலிண்டரில்தான் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுவது, ஏறும். எனக்கோ நடுங்கும்போது எல்லாச் சிலிண்டரும் ஒன்றாகத் தடுமாறின. பெட்ரோல் பம்ப் வலுவிழந்திருந்தால் ஏற்றத்தில் திணறியிருக்கும். அதுவும் இல்லை.

மிச்சமிருந்தது ஃப்யூயல் டிரிம் என்ற எண். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது எடைக் கணக்கு. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் இந்தக் கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும். கூட்டினால் பிளஸ், குறைத்தால் மைனஸ். ஐந்து சதவீதம் இப்படி அப்படி இருந்தால் கவலையில்லை. என் காரில் ஒருநாள் ஐட்லிங்கில் பிளஸ் 11. சரி, எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மைனஸ் 22. அதாவது யாரோ கணினிக்குத் தெரியாமல் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டுகிறார்கள், அது தன் பங்கைக் குறைத்துக் குறைத்துத் தோற்கிறது. ஒரே கார், இரண்டு எதிரெதிர் நோய்! கருவிதான் பொய் சொல்கிறது என்று அதைத் தூக்கிப்போடப் போனேன்.

விடை நோட்டில் இருந்தது. மைனஸ் 22 வந்த நாளும் கார் நின்ற நாட்களும் பெட்ரோல் போட்ட நாட்கள், அல்லது அதற்கு மறுநாள். நிற்காத அந்தப் பத்து நாளில் நான் டேங்கை நிரப்பவே இல்லை. த்ராட்டில் பாடிக்குக் கிடைத்த நற்பெயர் அப்படி வந்ததுதான். இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் வீட்டில் பெட்ரோல் போடுவது எப்போதும் நான்தான். மனைவி ஓட்டும்போது டேங்க் எப்போதும் முக்காலுக்குக் கீழே. என் கால் குற்றமற்றது என்று அன்று அவளிடம் கொஞ்சம் அதிகமாகவே விளக்கினேன்.

டேங்கில் எழும் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் இருக்க, அதைக் கரித்துகள் நிரம்பிய ஒரு டப்பா பிடித்துவைக்கிறது. எஞ்சின் சூடாகி ஓடும்போது பர்ஜ் வால்வு என்ற சிறிய மின்வால்வு திறந்து, அந்த ஆவியை எஞ்சினுக்குள் இழுத்து எரித்துவிடும். மின்சாரம் இல்லாதபோது அது மூடியே இருக்க வேண்டும். முழுவதும் மூடாமல் சிக்கிக்கொண்டால்? டேங்க் நிரம்பிய உடனே கரிடப்பாவில் ஆவி நிறைந்திருக்கும். எஞ்சின் கேட்காமலே பெட்ரோல் வரும். டப்பா காலியான பிறகு அதே ஓட்டை வழியாக வெறும் காற்று வரும். என் காரில் காற்றை அளக்கும் சென்சார் ஏர் ஃபில்டரை அடுத்து இருக்கிறது. இந்தக் காற்று அதைத் தாண்டிப் பின்வாசல் வழியாக நுழைவதால் கணக்கில் வராது. மைனஸ், பிளஸ் இரண்டுக்கும் ஒரே ஓட்டை. ஓடும்போது தெரியாததற்கும் காரணம் உண்டு. ஐட்லிங்கில் சிறிய எஞ்சின் நொடிக்கு 2, 3 கிராம் காற்றைத்தான் இழுக்கிறது, அதில் இந்தக் கலப்படம் பெரிது. வேகத்தில் அது கடலில் கரைத்த பெருங்காயம்.

பிழை விளக்கு ஏன் எரியவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் சுவையாக இருந்தது. பல கார்களில் இந்த ஆவி அமைப்பின் சுயபரிசோதனை, டேங்க் கிட்டத்தட்ட நிரம்பியிருந்தால் நடக்காது. என் காருக்கு நோய் வரும் நேரம் பார்த்து மருத்துவர் விடுப்பில் போய்விடுகிறார்.

உறுதிசெய்ய ஒரு சின்னச் சோதனை. டேங்கை நிரப்பி, வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, உதறல் தொடங்கியதும் வால்வின் மின் இணைப்பைக் கழற்றினேன். மாற்றமில்லை. கரிடப்பாவிலிருந்து வரும் குழாயை வால்விலிருந்து உருவினேன். அது பெட்ரோல் ஆவி. அருகில் நெருப்பு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சுழலும் மின்விசிறியிலிருந்து கையைத் தள்ளிவைத்துத்தான் செய்தேன். வால்வின் வாய் உஸ் என்று இழுத்துக்கொண்டிருந்தது. விரலை வைத்து அடைத்தேன். முள் 750-க்கு ஏறி அப்படியே நின்றது. விரலை எடுத்தேன், உதறல். வைத்தேன், அமைதி. இதை ஏழெட்டு முறை செய்திருப்பேன், தேவையே இல்லாமல்.

மூன்றாவது முறை சர்வீஸ் சென்டருக்குப் போகுமுன் டேங்கை நிரப்பிக்கொண்டு போனேன். நோட்டின் நகலையும் கொடுத்தேன். அவர்கள் வாசலிலேயே கார் அணைந்தது. அது அணைந்ததற்கு நான் மகிழ்ந்தது அந்த ஒருமுறைதான். வால்வைக் கழற்றி மேசையில் தட்டினார் அங்கிருந்த இளைஞர். நாலைந்து கருப்புத் துகள்கள் உதிர்ந்தன. கரிடப்பாவின் சரக்கு.

"பெட்ரோல் போடும்போது குழாய் டக் என்று தானாக நின்ற பிறகும் போடுவீர்களா, சார்?" என்று கேட்டார்.

போடுவேன். இரண்டு மூன்று முறை அழுத்தி, கழுத்து வரைக்கும். அடிக்கடி போக வேண்டாமே என்ற சோம்பல். ஆவி விரிய டேங்கில் விட்டிருக்கும் இடத்தையும் நிரப்பினால், பெட்ரோல் திரவமாகவே ஆவிக்குழாயில் ஏறிக் கரிடப்பாவை நனைத்துவிடும். நனைந்த துகள்கள் நொறுங்கி வால்வில் போய் உட்கார்ந்துவிடும். மூன்று வாரத்தில் நொறுங்கும் அளவுக்கு அந்த டப்பா இருந்திருக்கக் கூடாது என்பது என் வாதம். ஒன்றும் சொல்லாமல் நான் தலையைச் சொறிந்திருந்தால் இன்னும் நேர்மையாக இருந்திருக்கும். எப்படியோ, வால்வையும் டப்பாவையும் உத்தரவாதத்திலேயே மாற்றிக்கொடுத்தார்கள்.

அடுத்த முறை பெட்ரோல் போட மனைவியை அனுப்பினேன், முதல் டக் சத்தத்தோடு நிறுத்திவிடச் சொல்லி. திரும்பி வந்து வாசலில் எஞ்சினை அணைக்கப் போனவளைத் தடுத்து, கைபேசியோடு கார் பக்கத்தில் நின்றேன். 750. டிரிம் மைனஸ் 2. ஐந்து நிமிடம். 750. ஏசியைப் போடச் சொன்னேன், அணைக்கச் சொன்னேன். 750.

"இறங்கலாமா, இல்லை இன்னும் எனக்குப் பரிசோதனை பாக்கி இருக்கிறதா?" என்றாள்.