ஏவுகணைக்கு அரை மதிப்பெண்

‘இலக்கு மருந்து என்றால் என்ன?’ இரண்டு மதிப்பெண் கேள்வி. ஒரு மாணவி எழுதியிருந்தாள்: ‘ஏவுகணையைப் போலப் பாய்ந்து புற்றணுவை மட்டும் அழிக்கும் மருந்து.’ அரை மதிப்பெண் போட்டேன். மறுநாள் காலை, நான் துறைக்குள் நுழையும் முன்பே விடைத்தாளோடு வாசலில் நின்றாள்.

“மேடம், வழிகாட்டி நூலில் இப்படித்தான் இருக்கிறது.”

இருக்கும். அந்த உவமை எல்லா இடத்திலும் இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு, மூலக்கூறுகளின் வடிவத்தைப் படிகத்தால் கண்டறிந்த அறிவியலாளர் கிம் சுங்-ஹோ நினைவுக்கு வருவார். அவர் கதையை வாசலில் நின்றபடியே அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் மணி அடித்துவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கிம் 1937இல் கொரியாவின் டேகு நகரில் பிறந்தவர். கொரியப் போர் மூண்டபோது வயது பன்னிரண்டு. சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து முடித்து, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 1966இல் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கிருந்து எம்.ஐ.டி.யில் அலெக்சாண்டர் ரிச்சின் ஆய்வகம். (கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் பற்றி 1950களில் நம் ஜி.என்.ராமச்சந்திரனோடு போட்டி போட்ட அதே ரிச்தான்.)

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, புரதம் கட்ட அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் டிஆர்என்ஏ மூலக்கூறு எப்படி மடிந்திருக்கிறது என்று எக்ஸ் கதிரால் பார்ப்பது. அதற்கு முதலில் நல்ல படிகம் வேண்டும். இது எப்பேர்ப்பட்ட பாடு என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது ஒரே புரதத்தோடு இரண்டு ஆண்டுகள் மல்லுக்கட்டினேன். 24 குழிகள் கொண்ட தட்டு, ஒவ்வொரு குழிக்கும் ஒரு கண்ணாடி வில்லை, அதன் அடியில் தொங்கும் ஒரு சொட்டு. ஒரு நாள் நுண்ணோக்கியில் ஊசி ஊசியாக ஏதோ மின்னியது. ஆய்வகத்தில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மூத்த மாணவர் ஒருவர் மெல்லிய ஊசியால் அதைத் தொட்டார். நறுக்கென்று உடைந்தது. புரதப் படிகம் மெத்தென்று உதிரும். அப்படி உடைவது உப்பு. கூடியிருந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் அவரவர் மேசைக்குப் போனார்கள். அந்த மரியாதையை இன்னும் மறக்கவில்லை.

டிஆர்என்ஏவில் சிக்கல் வேறு. படிகம் வரும், ஆனால் எக்ஸ் கதிர் பட்டால் நுணுக்கமான தரவு தராது. பல ஆய்வகங்கள் முட்டிக்கொண்டிருந்தன. ஈஸ்டின் ஒரு டிஆர்என்ஏவை ஸ்பெர்மின் என்ற சிறு மூலக்கூறோடு சேர்த்துப் படிகமாக்கியபோது வழி பிறந்தது. 1971இல் அதை வெளியிட்டார்கள். (பதினேழாம் நூற்றாண்டில் லேவன்ஹுக் விந்தில் கண்ட படிகத்தால் வந்த பெயர் அது. வகுப்பில் இந்த வரியை வேகமாகக் கடந்துவிடுவேன்.) 1973இல் சங்கிலி மடியும் பாதை தெரிந்தது, 1974இல் இன்னும் தெளிவான படம். 76 எழுத்துகள் கொண்ட சங்கிலி ஆங்கில ‘எல்’ போல வளைந்து நின்றது. கேம்பிரிட்ஜில் ஆரன் க்ளூக் இருந்த குழுவும் அதே ஓட்டத்தில் இருந்தது, அதே 1974இல் அவர்களும் வெளியிட்டார்கள். கிம் அதற்குள் டியூக் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தார், 1978இல் பெர்க்லி.

பெர்க்லியில் அவர் எடுத்துக்கொண்டது ராஸ் என்ற புரதம். ராஸ் செல்லுக்குள் ஒரு சுவிட்ச்: ஜிடிபி (GTP) என்ற சிறு மூலக்கூறைப் பிடித்திருந்தால் ‘வளர்’ என்று சொல்லும், அது ஒரு பாஸ்பேட்டை இழந்து GDP ஆனதும் அணையும். இந்தப் புரதத்தின் 12ஆவது இடத்தில் இருக்கும் கிளைசின் என்ற அமினோ அமிலம் வேலினாக மாறினால் சுவிட்ச் அணைவதில்லை. மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இதை 1982இல் கண்டுபிடித்திருந்தார்கள். கிம் குழு 1988இல் எச்-ராஸ் என்ற வகையின் முப்பரிமாணப் படத்தை வெளியிட்டது. அதில் சங்கிலி செல்லும் பாதையின் ஒரு பகுதி பிழை. ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் குழுவின் படம் மாறுபட்டது. 1989இலேயே கிம் குழு தன் படத்தைத் திருத்திக்கொண்டது. எனக்கு அவர் மீது மதிப்புக் கூடியது இந்த இடத்தில்தான்.

எதிரியின் முகம் தெரிந்துவிட்டது. மருந்து வந்ததா? வரவில்லை. ராஸின் மேற்பரப்பில் மருந்து உட்காரக் குழியே தென்படவில்லை. ஜிடிபி உட்காரும் இடத்தையோ அது விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். ராஸின் இன்னொரு வகையான கே-ராஸின் ஒரு மாற்றத்தில் ஒளிந்திருந்த குழியைக் கெவன் ஷோகட்டின் ஆய்வகம் கண்டது 2013இல். அந்தக் குழியில் உட்காரும் சோடோராசிப் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2021இல். முதல் படத்திலிருந்து 33 ஆண்டுகள். இலக்கு தெரிந்தால் போதும், பாய்ந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்.

கிம் அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை. 1993இல் அவர் குழு சிடிகே2 என்ற கைனேஸின் (பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) படத்தைத் தந்தது. கைனேஸ்களுக்குக் குழி உண்டு. 2000களின் தொடக்கத்தில் ஜோசப் ஷ்லெசிங்கருடன் சேர்ந்து பெர்க்லியில் பிளெக்சிகான் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே செய்த வேலையைத்தான் அந்த மாணவிக்கு விரிவாகச் சொல்ல ஆசைப்பட்டேன். இருபதாயிரம் சிறு மூலக்கூறுகள். அவற்றைச் சில கைனேஸ்களோடு மோதவிட்டார்கள். தேறியவை 238, அவையும் பலவீனமானவை. வேறு ஆய்வகமாக இருந்தால் ‘வேலைக்கு ஆகாது’ என்று கழுவி ஊற்றியிருப்பார்கள். இவர்கள் அந்தச் சோப்ளாங்கிகளைக் கைனேஸோடு சேர்த்துப் படிகமாக்கி, ஒவ்வொன்றும் குழியில் எங்கே ஒண்டியிருக்கிறது என்று பார்த்தார்கள். அதில் ஒன்று அசாஇண்டோல் என்ற சின்னஞ்சிறு சட்டகம். அதற்குக் கையும் காலும் வைத்து வளர்த்ததில் கிடைத்ததுதான் பி-ராஃப் கைனேஸைத் தடுக்கும் மருந்து. செல்லுக்குள் ராஸிடமிருந்து சேதியை வாங்கிக்கொள்ளும் அடுத்த ஆள் இந்த ராஃப். மூத்தவன் வீட்டில் கதவே இல்லை. தம்பி வீட்டில் இருந்தது.

மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பி-ராஃபின் 600ஆவது இடத்து வேலின் குளுட்டாமிக் அமிலமாக மாறியிருக்கும் என்று 2002இல் தெரிந்தது. மருந்தின் பெயர் வெமுராஃபெனிப். அந்த மாற்றத்தின் முகவரியைச் சுருக்கி வைத்த பெயர். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த தொடக்க நாள்களில் பலன் இல்லை. காரணம் என்ன தெரியுமா? மருந்து படிகமாக இருந்தது. கரையவில்லை, உடல் உறிஞ்சவில்லை. படிகத்தைக் குலைத்து உருவமற்ற பொடியாக மாற்றிய பிறகுதான் கட்டிகள் சுருங்கின. படிகத்துக்காக வாழ்நாளைக் கொடுத்த ஒருவர் தொடங்கிய நிறுவனத்தில்! இரண்டு ஆண்டு உப்பு வளர்த்த எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்துவிடும்.

675 பேரிடம் நடந்த சோதனையில், ஆறு மாதம் கழித்து உயிரோடிருந்தவர்கள் வெமுராஃபெனிப் பிரிவில் 84 சதவீதம், பழைய மருந்துப் பிரிவில் 64 சதவீதம். 2011 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நிறுவனத்தை ஜப்பானின் டாய்ச்சி சாங்கியோ அதே ஆண்டு வாங்கிவிட்டது. இவ்வளவும் ஒரு தனி மனிதரின் சாதனை என்று நான் சொல்லவில்லை. அந்தக் கட்டுரைகளில் வரிசையாக எத்தனையோ பெயர்கள்.

இதில் ஒரு திருப்பம் உண்டு. மருந்து எடுத்தவர்களில் கணிசமான பேருக்குத் தோலில் வேறு வகைக் கட்டிகள் முளைத்தன. பி-ராஃப் சரியாக இருந்து ராஸ் பழுதாகியிருக்கும் செல்லில், ராஃப்கள் ஜோடி சேரும். மருந்து ஒன்றின் குழியில் உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பது முடுக்கப்படும். அந்தக் கட்டிகளைச் சோதித்தபோது பெரும்பாலானவற்றில் ராஸ் மாறியிருந்தது. அதிலும் அதிகம் எச்-ராஸ். கிம் 1988இல் படம் பிடித்த அதே ஆள். பிறகு இன்னொரு தடுப்பானையும் சேர்த்துக் கொடுத்தபோது இந்தக் கட்டிகள் குறைந்தன.

மாலையில் இதையும் அவளிடம் சொன்னேன்.

“அப்படியென்றால் குறி தவறிவிட்டதா, மேடம்?”

“இல்லையம்மா. போய் உட்கார வேண்டிய குழியில்தான் உட்கார்ந்திருக்கிறது.”

அவள் விடைத்தாளை வாங்கி, ‘பாய்ந்து’, ‘மட்டும்’ என்ற இரண்டு சொற்களையும் பென்சிலால் அடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றேகால் போட்டேன். கால் மதிப்பெண்ணெல்லாம் போடக்கூடாது என்று துறைத்தலைவர் திருப்பி அனுப்பியிருக்கிறார்.