வாசலில் ஓர் ஏட்டு

2022 ஏப்ரலில் சொத்துவரி உயர்வு அறிவிப்பு வந்தது. சென்னை தவிர்த்த மற்ற மாநகராட்சி, நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு 25 விழுக்காடு, 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் போனால் 100. எல்லா ஊருக்கும் ஒரே விகிதம்தான். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் வளைகுடாவில் கிடந்து உழைத்தவர்கள் கட்டிய வீடுகள் அதிகம். அவை 1800 சதுர அடியைச் சுலபமாகத் தாண்டும். உள்ளே குடியிருப்பதோ பெரும்பாலும் வயதான தாயும் தகப்பனும் மட்டும். வரி இரட்டிப்பான நோட்டீசு வந்து சேர்ந்தது அவர்கள் கையில்.

2018இல் இதே வரியை உயர்த்திவிட்டு மறு வருடம் நிறுத்தி வைத்ததும் யாருக்கும் மறக்கவில்லை. "அண்ணைக்கு நிறுத்துனது மாதிரி இதையும் நிறுத்துவாவ, நீங்க ஏன் இப்படி நெருக்குதிய?" என்று நகராட்சி வரிக் கவுண்டரில் கேட்பார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டோடு எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் இது. ரசீதை வாங்கி மடித்து வைத்துவிட்டுப் போகிற ஊர் இல்லை. படிப்பார்கள், கூட்டிப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். அந்தக் குணத்தை நான் மதிக்கிறேன்.

இந்த மாவட்டத்தின் நகராட்சிகளில் ஒன்றில் அப்போது வருவாய்ப் பிரிவில் இருந்தேன். ஒருநாள் பிற்பகல் ஒருவர் கவுண்டர் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்தார். சில்லு தெறித்து, உள்ளே இருந்த பெண் ஊழியரின் நெற்றியில் கீறல். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை அவள். மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தாக்கினால் அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 353, இரண்டு வருடம் வரை சிறை. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 132. பிரிவு இருப்பது எங்களுக்கும் தெரியும். மறுபடி அதே நாற்காலியில் போய் உட்காரும் தைரியத்தைப் பிரிவு தராது. பணியாளர்கள் எல்லாரும் சேர்ந்து ஆணையரிடம் போனோம். அவர் காவல்துறைக்குக் கடிதம் எழுதினார்.

அதற்கு முன் போலீஸ் எங்கள் கட்டடத்துக்கு வந்தது காரியத்துக்குத்தான். மன்றக் கூட்டம், கடை ஏலம், ஆக்கிரமிப்பு அகற்றம் என்றால் பந்தோபஸ்து கேட்போம், முடிந்ததும் போய்விடுவார்கள். தினமும் காலையில் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஓர் ஏட்டு வந்தது புதிது.

முதல் வாரமே சத்தம் அடங்கியது. எங்களுக்கு அது பெரிய ஆறுதல். விடுப்பில் போன பிள்ளை திரும்பி வந்தாள். அந்த ஒன்றுக்காகவே அந்த ஏற்பாடு சரி என்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அலுவலகத்தில் அடிபடுவது வேலையின் ஒரு பகுதி என்று சொல்கிறவர்கள் ஒரு மாதம் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஆனால் சத்தம் போடாதவர்களும் குறைந்தார்கள். கடற்கரைத் தெருவிலிருந்து தண்ணீர் வரவில்லை என்று கூட்டமாக வரும் பெண்கள் வாசல்வரை வந்து, காக்கிச் சட்டையைப் பார்த்து, ஒருத்தியை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். சம்பளப் பாக்கி கேட்டு வரும் தூய்மைப் பணியாளர்கள் பின்பக்கக் கேட் அருகே நின்று, எங்களில் தெரிந்தவர்கள் வெளியே வருகிறார்களா என்று பார்த்தார்கள். ஏட்டு யாரையும் தடுக்கவில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அவர் உட்கார்ந்திருந்ததே போதுமாக இருந்தது. காவல் நிலையத்தில் ஒருமுறையாவது தரையில் உட்கார வைக்கப்பட்டவர்களுக்கு அந்த நாற்காலி வேறு மாதிரிதான் தெரியும்.

அந்த ஏட்டு நல்ல மனிதர். சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. "மக்ளே, எனக்க மொவன் சவூதியில, இந்தப் பேப்பர எங்க குடுக்கணும்?" என்று ஒரு பாட்டி கேட்டால் எழுந்து வந்து எங்களிடம் விசாரிப்பார். கொஞ்ச நாளில் எங்களிடம் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதன்பின் 15 வருடம்வரை தாமதக் கட்டணத்தோடு. வரியில் பெயர் மாற்றப் பத்திர நகல் வேண்டும். வீட்டின் அளவு கூடுதலாகப் பதிவாகியிருந்தால் இந்த மேசையில் மனு கொடுத்து மறு அளவீடு கேட்கலாம். கோபத்தோடு வந்த பலர் அவரிடம் அரை நிமிடம் நின்ற பிறகு கோபம் இல்லாமல் எங்களிடம் வந்தார்கள். எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாமல் நான்கு மேசைக்கு அலைந்த பிறகுதான் அவர்களில் முக்கால்வாசிப் பேர் கத்தியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை பற்றி மனுமேல் மனு கொடுத்தும் தீர்வு கிடைக்காத ஒரு குடும்பம் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தது. அதற்குப் பிறகு திங்கட்கிழமை குறைதீர் நாளில் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வாசலிலும் போலீஸ் நின்று பைகளைத் திறந்து பார்க்கிறது, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. பார்க்கத்தான் வேண்டும். பாட்டிலோடு அதே பையில் இருக்கும் பழைய மனுக்களின் நகலையும் அந்த வாசலிலேயே யாராவது வாங்கிப் படிக்க வேண்டும். அது போலீசின் வேலை அல்ல, எங்கள் வேலை.

கார்த்திகை பிறந்ததும் ஏட்டைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா, கன்னியாகுமரியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், பிறகு மண்டைக்காட்டு மாசிக் கொடை; நிலையத்தில் ஆள் பற்றாது. எங்களில் சிலர் வேறு ஒருவரைக் கேட்டு மறுபடி கடிதம் எழுத வேண்டும் என்றார்கள். நான் ஆணையருக்குத் தனியாக ஒரு குறிப்பு வைத்தேன். கவுண்டருக்கு உடையாத கண்ணாடி, கேமரா, நிலையத்துக்கு நேராக அழைக்க ஒரு தொலைபேசி. ஏட்டு இருந்த இடத்தில் எல்லாப் பிரிவும் தெரிந்த நகராட்சி ஊழியர் ஒருவர், மேசையோடு. தகராறு என்றால் போலீசைக் கூப்பிடுவோம், வந்து தீர்த்துவிட்டுப் போகட்டும் என்று எழுதினேன்.

கண்ணாடியும் கேமராவும் உடனே வந்தன. மேசை போட்டாகிவிட்டது. அதற்குத் தனிப் பணியிடம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் முறைபோட்டு ஒருவர் உட்கார்கிறோம். வரி கட்டும் கடைசி வாரத்தில் அங்கிருப்பவரையும் கவுண்டருக்கு இழுத்துக்கொள்கிறார்கள். மேசை காலியாகக் கிடக்கும் அந்த வாரத்தில்தான் நிலையத்துக்கு போன் போடும்படி ஆகிறது.