டைட்டானியம் பொடியும் திருப்பூர்ச் சாயத் தண்ணீரும்

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு, ஒளி பட்டால் தண்ணீரில் உள்ள சாயத்தைச் சிதைக்கும் டைட்டானியம் டையாக்ஸைடு நானோத்துகள் செய்யப் போகிறீர்களா? முதலில் காற்றின் ஈரத்தைப் பாருங்கள். மூலப்பொருளான டைட்டானியம் ஐசோப்ரொபாக்ஸைடு தண்ணீரைக் கண்டால் பொறுக்காது. பாட்டிலைத் திறந்து வைத்தால் மூடி ஓரத்திலேயே வெள்ளையாகப் படிந்துவிடும். மழை நாளில் நான் அதைத் தொடவே மாட்டேன். ஐசோப்ரொப்பனாலில் கரைத்து, வினை நிதானமாக நடக்கக் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் சேர்த்து, அப்புறம்தான் தண்ணீர், அதுவும் சொட்டுச் சொட்டாக. ஸ்டிரர் நிற்கக் கூடாது. அவசரப்பட்டால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும்.

ஜெல்லைக் காயவைத்து, கல்வத்தில் அரைத்து, மஃபிள் ஃபர்னஸ் என்ற மின் உலையில் 450 டிகிரி செல்சியஸில் சுட்டேன். சூடு குறைந்தால் படிகம் சரியாக அமையாது. ரொம்பவும் கூடினால் நமக்கு வேண்டிய அனடேஸ் என்ற படிக வடிவம் ரூட்டைல் என்ற இன்னொரு வடிவமாக மாறத் தொடங்கும், துகளும் பெருத்துவிடும். படிக வடிவத்தைக் காட்டும் எக்ஸ்ரே சோதனையான எக்ஸ்ஆர்டியில், 25.3 டிகிரிக் கோணத்தில் அனடேஸின் உச்சி தெரிந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

பொடி வேலை செய்கிறதா என்று பார்க்க, மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தில் போடும் சோதனை சுலபம். இருட்டில் அரை மணி நேரம் கலக்கிவிட்டு யூவி விளக்கைப் போட வேண்டும். அவ்வப்போது மாதிரி எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் பொடியைப் பிரித்து, 664 நானோமீட்டர் ஒளியைச் சாயம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தால் நீலம் இறங்கிக்கொண்டே வரும். அந்த வரைபடத்தோடு தீசிஸை முடித்துவிடலாம், முடிப்பவர்களும் உண்டு.

என் கைடு விடவில்லை. "திருப்பூர்ச் சாயத் தண்ணியில போட்டுப் பாரும்மா" என்றார்.

போட்டேன். அதே பொடி, அதே விளக்கு, நிறம் அசையவே இல்லை. யோசித்தால் காரணம் நிறைய இருந்தது. அடர்ந்த நிறம் வெளிச்சத்தை உள்ளே விடாது. ஒளி பட்டதும் பொடியின் பரப்பில் உருவாகும், எதையும் தாக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல்தான் சாயத்தைச் சிதைக்க வேண்டும். அதைக் கழிவுநீரில் உள்ள கார்பனேட் தின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலே மின்சுமை. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின் கொண்டவை. பிஹெச் ஏறக்குறைய 6ஐத் தாண்டினால் டைட்டானியம் பரப்பும் எதிர்மின் ஆகிவிடும். கழிவுநீரோ காரம். ஒன்றையொன்று தள்ளத்தானே செய்யும்? மெத்திலீன் புளூ நேர்மின் என்பதால் ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறது. அது சலுகை பெற்ற பரீட்சை என்பேன்.

சாயத் தண்ணீரை நீர்க்கவைத்து, அமிலம் விட்டு பிஹெச்சை 4க்குக் கொண்டுவந்ததும் நிறம் குறைய ஆரம்பித்தது. கார்பனேட்டும் வாயுவாகப் போய்விடுகிறது. ஆனால் நிறம் போன அளவுக்கு, தண்ணீரில் மிச்சமுள்ள கரிமக் கழிவைக் காட்டும் சிஓடி அளவு குறையவில்லை. சாயம் உடைந்திருக்கிறது, முழுதாக எரியவில்லை. சாயம் ஏற்றும்போது போட்ட உப்போ அப்படியே இருந்தது. நொய்யல் ஆற்றையும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் அந்த உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு ஊரே உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ வடிகட்டிகளையும் ஆவியாக்கிகளையும் பிடித்துக்கொண்டது சும்மா இல்லை. டைட்டானியத்தை அதற்கு முன்னால் ஒரு படியாக வைக்கலாம், மாற்றாக வைக்க முடியாது.

மொட்டை மாடி வெயிலிலும் வேலை நடக்கும், மெதுவாக. அனடேஸுக்கு 387 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளி வேண்டும். வெயிலில் அது நூற்றில் ஐந்து பங்குகூடத் தேறாது.

ஒப்பீட்டுக்குக் கடையில் கிடைக்கும் பி25 என்ற டைட்டானியம் டையாக்ஸைடு பொடியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதைவிட அது வேகமாக வேலை செய்தது. அதையும் தீசிஸில் போடச் சொன்னார் கைடு, போட்டேன்.